ஒரு பொத்தானுக்கு எத்தனை டோக்கன்?

2024 மே 13 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரியை வெளியிட்டது. கூடவே 20 மொழிகளுக்கான ஒரு சிறு கணக்கையும் தந்தது. மாதிரி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஒரே வாசகத்தை 20 மொழிகளில் எழுதி, பழைய மாதிரி அதை எத்தனை துண்டாக நறுக்கியது, புதியது எத்தனை துண்டாக நறுக்குகிறது என்று எண்ணிக் காட்டினார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் டோக்கன். ஏஐ உதவியாளர்களின் கணக்குப் புத்தகத்தில் எடையும் படியும் அதுதான். அந்தப் பட்டியலிலிருந்து ஆறு மொழிகள் மட்டும்:

ஆங்கிலம்: முன்பு 27, பிறகு 24
இந்தி: முன்பு 90, பிறகு 31
மராத்தி: முன்பு 96, பிறகு 33
தமிழ்: முன்பு 116, பிறகு 35
குஜராத்தி: முன்பு 145, பிறகு 33
தெலுங்கு: முன்பு 159, பிறகு 45

நான் குடியிருக்கும் கொச்சித் தேவராவின் மொழியான மலையாளம் அந்த 20இல் இல்லை. தமிழ் இருந்ததால் நம் பங்கை நாம் எண்ணிப் பார்க்க முடிகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 27 கொடுத்து வாங்கியதைத் தமிழில் எழுதும் நாம் 116 கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். நான்கு மடங்குக்கும் மேல். இப்போது 24க்கு 35, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இந்த வித்தியாசத்தின் வேர் எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையில் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியே 3 பைட். ‘தேவரா’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கு 5 குறி, 15 பைட். ‘மட்டாஞ்சேரி’ 6 எழுத்து. 11 குறி, 33 பைட். பைட்டுகளில் அடிக்கடி சேர்ந்து வருபவற்றை ஒட்டி ஒட்டித்தான் டோக்கன் செய்கிறார்கள். ஜிபிடி-4 காலத்து அகராதியில் சுமார் 1 லட்சம் டோக்கன் இருந்தது. அதைத் திரட்டிய தரவில் ஆங்கிலமே மிகுதி என்பதால், தமிழுக்கு ஒட்டிய துண்டுகள் மிகச் சில. 4ஓவில் அகராதியை 2 லட்சமாகப் பெருக்கியதும் தமிழுக்கும் இடம் கிடைத்தது.

விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஜிபிடி-4 வெளிவந்தபோது நிரலாளர்களுக்கு 10 லட்சம் உள்ளீட்டு டோக்கனின் விலை 30 டாலர். 4ஓ வெளிவந்தபோது 5 டாலர். அதே தமிழ் வாசகத்தை உள்ளே அனுப்ப முன்பு 0.00348 டாலர், பிறகு 0.000175 டாலர். ஏறத்தாழ 20 மடங்கு மலிவு. இதில் 6 மடங்கு விலைக்குறைப்பால் வந்தது, எல்லா மொழிக்கும் பொது. மீதி 3.3 மடங்கு தமிழைக் கொஞ்சம் கவனித்ததால் மட்டும் வந்தது. ஒரு மொழியைக் கவனிக்காமல் விட்டதற்கு இவ்வளவு துல்லியமாகத் தண்டம் எண்ணிக் காட்டிய சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதெல்லாம் நிரலாளர் பாடு, திரையில் கேள்வி தட்டுகிறவருக்கு என்ன என்று தோன்றலாம். திரையில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும் இந்த டோக்கன் கணக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எதை அழுத்தினால் எவ்வளவு செலவு என்று அந்தத் திரை சொல்வதில்லை. ஆகவே நாமே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ‘நியூ சாட்’. பலரும் தொடாத பொத்தான் இது. ஒரே உரையாடலை வாரக்கணக்கில் நீட்டிக்கொண்டே போகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறி, வெலிங்டன் தீவைக் கடந்து, தோப்பும்படியில் இறங்கினால் மட்டாஞ்சேரி. அங்கே மிளகும் ஏலமும் விற்கும் ஒரு தமிழ்க் கடைக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூர் வியாபாரிக்குப் பாக்கி கேட்டு ஒரு கடிதம், ஜிஎஸ்டி சந்தேகம், மகளின் வீட்டுப்பாடம், முட்டுவலிக்கு என்ன செய்வது என்று எல்லாவற்றையும் ஒரே உரையாடலில் கேட்கிறார். கேள்வி 100 டோக்கன், பதில் 400 டோக்கன் என்று வைப்போம். மொத்தம் 20 கேள்வி.

மாதிரிக்குத் தானாக நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த பேச்சு முழுவதும் மறுபடி உள்ளே போகிறது. முதல் கேள்விக்கு 100 டோக்கன் போகும். இரண்டாவதற்கு 600. மூன்றாவதற்கு 1,100. இருபதாவது கேள்விக்கு 9,600. கூட்டினால் 97,000 டோக்கன் உள்ளே போயிருக்கிறது. அவர் தட்டியதோ வெறும் 2,000.

அதே 20 கேள்வியை விஷயவாரியாக நான்காகப் பிரித்து, ஐந்தைந்தாக நான்கு புதிய உரையாடலில் கேட்டிருந்தால்? ஒவ்வொன்றிலும் 5,500. நான்குக்கும் 22,000. பதிலின் அளவு இரண்டிலும் 8,000தான். 4ஓவுக்குப் பின்னர் வந்த விலை உள்ளே 10 லட்சத்துக்கு 2.50 டாலர், வெளியே 10 டாலர். ஒரு டாலரை ரூ.85 என்று வைத்தால், ஒரே நீளப் பேச்சுக்கு ரூ.27.41, பிரித்துக் கேட்டால் ரூ.11.48. ஒரு பொத்தானை மூன்று முறை அழுத்தியதன் மதிப்பு 16 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி மறுபடி போகும் பகுதிக்கு நிறுவனங்கள் இப்போது தள்ளுபடி தருகின்றன. 2024 அக்டோபரில் ஓப்பன்ஏஐ அதைப் பாதி விலையாக்கியது. தள்ளுபடியால் பணம் குறையும். இடம் குறையாது.

இடம் என்பது இன்னொரு கணக்கு. ஜிபிடி-4 முதலில் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது 8,192 டோக்கன். மேலே சொன்ன கேள்வி-பதில் ஒரு சுற்று, பழைய நறுக்கலில் தமிழுக்கு சுமார் 1,657 டோக்கன் ஆகும். ஐந்தாவது சுற்று முடியுமுன் இடம் நிறைந்துவிடும். அதே விஷயம் ஆங்கிலத்தில் ஒரு சுற்றுக்கு 386; 21 சுற்று தாங்கும். ‘நான் முதலில் சொன்னதையே மறந்துவிட்டது’ என்று 2023இல் தமிழில் பேசிப் பார்த்தவர்கள் குறைப்பட்டதற்குக் காரணம் இதில் இருக்கிறது. ஆங்கிலக்காரருக்கு 22ஆம் சுற்றில் வந்த மறதி நமக்கு 5ஆம் சுற்றிலேயே வந்தது. 4ஓவின் கொள்ளளவு 1,28,000. இப்போது அந்த நெருக்கடி பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆனாலும் மிளகுக் கடிதம் எழுதும்போது முட்டுவலிப் பேச்சும் சேர்ந்து உள்ளே போவது பதிலின் தரத்துக்கு நல்லதல்ல. விஷயம் மாறினால் ‘நியூ சாட்’ அழுத்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள்.

இலவசமாகப் பயன்படுத்துகிறவர் டோக்கனுக்குக் காசு தருவதில்லை. அவர் வரம்பில் தருகிறார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது சாட்ஜிபிடியின் இலவசக் கணக்குக்கு 5 மணி நேரத்தில் 10 செய்தி என்று அளவு வைத்தார்கள்; அதற்கு மேல் போனால் சிறிய மாதிரிதான் பதில் சொல்லும். அங்கே எண்ணப்படுவது செய்தியின் எண்ணிக்கை. ஆந்த்ரோபிக்கின் கிளாடிலோ பேச்சின் நீளம், செய்தியின் நீளம், இணைத்த கோப்பின் கனம் எல்லாம் சேர்ந்து வரம்பைத் தின்னும். ஆகவே இரண்டு திரையிலும் சிக்கனம் ஒன்றல்ல. செய்தியை எண்ணும் இடத்தில் மூன்று கேள்வியை ஒரே செய்தியில் கோத்துக் கேட்பது இலாபம். நீளத்தை எண்ணும் இடத்தில் பேச்சைச் சுருக்கமாக முடித்துவிட்டுப் புதியது தொடங்குவது இலாபம்.

செய்தியை எண்ணும் இடத்தில் ‘என்டர்’ விசையே ஒரு செலவு. கணினியில் அடுத்த வரிக்குப் போவதாக நினைத்து என்டர் தட்டினால் பாதிக் கேள்வி பறந்துவிடும். 10இல் 1 போயிற்று, அதாவது 10 சதவீதம். ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் அடுத்த வரி வரும், செய்தி போகாது. தட்டச்சு வகுப்பில் படித்து வந்தவர்களுக்கு என்டர் என்றால் அடுத்த வரிதான். அவர்களே இதில் அதிகம் இழக்கிறார்கள்.

பதில் தவறான திசையில் போகிறது என்று முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். பலர் மரியாதைக்காகவோ என்னவோ முழுப் பதிலும் வந்து முடியும்வரை காத்திருக்கிறார்கள். சதுரக் குறி போட்ட ‘ஸ்டாப்’ பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது. வெளியே வரும் டோக்கன், உள்ளே போகும் டோக்கனைப் போல 4ஓவில் 4 மடங்கு விலை. கிளாட் சானெட் மாதிரியில் 3 டாலருக்கு 15 டாலர், 5 மடங்கு. 400 டோக்கன் பதிலை 60இல் நிறுத்தினால் 340 மிச்சம். அந்த 340 பிந்தைய ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி உள்ளே போகாமலும் மிச்சம்.

நிறுத்திய பிறகு ‘இல்லை, நான் கேட்டது அது இல்லை’ என்று கீழே புதுச் செய்தி போடுவதைவிட, மேலே போய்ப் பழைய கேள்வியை ‘எடிட்’ செய்வது மேல். கீழே போட்டால் தவறான கேள்வியும் தவறான பதிலும் பேச்சின் உள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 500 டோக்கன் குப்பை கூடவே வரும். எடிட் செய்தால் அந்த இடத்திலிருந்து புதுக் கிளை பிரியும், பழையது சுமையில் சேராது. ‘ரீஜெனரேட்’ பொத்தான் கேள்வியை அப்படியே வைத்துப் பதிலை மட்டும் மறுபடி எழுத வைக்கும். கேள்வியில் குறை இருக்கும்போது அதை அழுத்துவது வீண். அதே குழப்பத்துக்கு இன்னொரு 400.

படம் இணைக்கும் பொத்தானுக்கும் விலை உண்டு. 4ஓவில் 1,024க்கு 1,024 புள்ளி அளவுள்ள ஒரு படம் 765 டோக்கன். நாம் வைத்துக்கொண்ட கணக்கில் ஏழரைக் கேள்விக்குச் சமம். கூகுளின் ஜெமினியில் பிடிஎஃப் கோப்பின் ஒரு பக்கம் 258 டோக்கன். 40 பக்க வாடகை ஒப்பந்தம் 10,320. தேவையான 2 பக்கத்தை மட்டும் பிரித்து இணைத்தால் 516. படத்தைத் தேவையான இடம் மட்டும் வெட்டி அனுப்புவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: ரசீதின் மூலையில் கிடக்கும் போன் எண்ணும் ஆதார் எண்ணும் போகாமல் நிற்கும்.

இனிப் பணக் கணக்கு. 2025 ஆகஸ்ட் 19 அன்று ஓப்பன்ஏஐ இந்தியாவுக்கென்றே ‘சாட்ஜிபிடி கோ’ திட்டத்தை மாதம் ரூ.399க்குக் கொண்டுவந்தது, யுபிஐ மூலமும் கட்டலாம் என்றது. இலவசக் கணக்கைவிட 10 மடங்கு செய்தி, 10 மடங்கு படம், 10 மடங்கு கோப்பு. அப்போது அதற்கு மேலே இருந்த ‘பிளஸ்’ ரூ.1,999, ‘புரோ’ ரூ.19,900. கூகுளின் ‘ஏஐ புரோ’ ரூ.1,950.

இவற்றைக் கூலியோடு வைத்துப் பார்த்தால்தான் அளவு புரியும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26க்குக் கேரளத்தின் தினக்கூலி ரூ.369, தமிழ்நாட்டில் ரூ.336. கோ திட்டத்தின் ஒரு மாதக் கட்டணம் கேரளத்தில் ஒரு நாள் கூலியைத் தாண்டுகிறது. பிளஸ் கேரளத்தில் ஐந்தரை நாள் உழைப்பு, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 6 நாள். புரோ என்றால் கேரளத்தில் 54 நாள்.

இந்த விலையை யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று நிறுவனங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். 2025இன் பிற்பாதியில் இலவசங்கள் வரிசையாக வந்தன. ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் ரூ.17,000 மதிப்புள்ள பெர்ப்ளெக்சிட்டி புரோவை 12 மாதம் தருவதாக அறிவித்தது. அக்டோபர் 30இல் ஜியோ, ரூ.35,100 மதிப்புள்ள கூகுள் ஏஐ புரோவை 18 மாதத்துக்கு அறிவித்தது. முதலில் 18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு. நவம்பர் 4 முதல் கோ திட்டம் ஓராண்டு இலவசம், மாதம் ரூ.399 வீதம் ரூ.4,788. மூன்றையும் வாங்கிய ஒரு கல்லூரி மாணவரின் கையில் ரூ.56,888 மதிப்புள்ள சந்தா சேர்ந்தது. தேவராவில் 1944இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கல்லூரியின் வாசலில் நிற்கும் பிள்ளைகளில் பலரிடம் இவற்றில் ஒன்றாவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இலவசம் முடியும் நாள்தான் கவனிக்க வேண்டியது. கோ திட்டத்தின் இலவச ஆண்டில் சேரும்போதே பணம் கட்டும் வழியைப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஆண்டு முடிந்ததும் பிடித்தம் தானாகத் தொடங்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூ.15,000 வரையிலான தொடர் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை; பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு ஆயிரம் எஸ்எம்எஸ்களின் நடுவே வரும். ரத்து செய்யும் பொத்தான் ஏஐ திரையின் ‘செட்டிங்ஸ்’ உள்ளே ஒன்று, யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியில் ஒன்று. இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இதை ஒரு சிறு வசதிக்குறைவாக என்னால் பார்க்க முடியவில்லை. தெரியாமல் போவது ஒரு நாள் கூலி.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சராசரிக் கேள்விக்கு 0.34 வாட்-மணி என்று 2025 ஜூனில் ஓப்பன்ஏஐயின் சாம் ஆல்ட்மன் எழுதினார். ஜெமினியின் இடைநிலை எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி, 0.26 மில்லிலிட்டர் தண்ணீர் என்று ஆகஸ்டில் கூகுள் சொன்னது. இரண்டும் நிறுவனங்களே தந்த எண்கள்; எந்தெந்தக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்து மாறும். முதல் எண்ணின்படி வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓடும் மின்சாரத்தில் 2,941 கேள்வி. தனி மனிதருக்கு இது பெரிதல்ல. ஆனால் சாட்ஜிபிடிக்கு 2025 ஜூலையில் நாளொன்றுக்கு 250 கோடி செய்தி வந்தது, 0.34ஆல் பெருக்கினால் நாளுக்கு 8.5 லட்சம் யூனிட்.

காசிலும் மின்சாரத்திலும் வராத செலவு ஒன்று உண்டு. நாம் சொன்னது எத்தனை நாள் அவர்களிடம் இருக்கிறது என்பதே அது. நாள்களாகவே எண்ணலாம்.

சாட்ஜிபிடியில் ஒரு பேச்சை ‘டெலீட்’ செய்தால் திரையிலிருந்து உடனே போகும். அவர்கள் சேமிப்பிலிருந்து 30 நாளுக்குள் போகும். ‘டெம்பரரி சாட்’ என்ற தற்காலிகப் பேச்சு பட்டியலில் தெரியாது. ஆனாலும் 30 நாள்வரை இருக்கலாம். ஜெமினியில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 18 மாதம். செட்டிங்ஸில் 3 மாதமாகக் குறைக்கலாம், 36ஆகக் கூட்டலாம், முழுவதும் அணைத்தாலும் 72 மணி நேரம் இருக்கும். மனிதர்கள் படித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த பேச்சு என்றால் 3 ஆண்டு வரை. கிளாடில் 2025 ஆகஸ்ட் இறுதியில் விதியை மாற்றினார்கள்: பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று சம்மதித்தவரின் பேச்சு 5 ஆண்டு வரை, மறுத்தவருடையது 30 நாள். ஒரே ஒரு சுவிட்சின் இரண்டு பக்கத்துக்கும் இடையே 60 மடங்கு.

30 நாள் என்பதும் எப்போதும் 30 நாளாக இருந்ததில்லை. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், 2025 மே 13 அன்று அமெரிக்க நீதிமன்றம், பயனர் அழித்த பேச்சுகளையும் பாதுகாக்க வேண்டும் என்று ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டாயம் நீங்கியது செப்டம்பர் 26இல். நடுவில் நான்கரை மாதம். அந்த நாள்களில் ஒருவர் தன் மருத்துவ அறிக்கையைப் பற்றிக் கேட்டுவிட்டு மனம் மாறி டெலீட் அழுத்தியிருந்தால், பொத்தான் வேலை செய்ததுபோலத் திரை காட்டியிருக்கும்.

‘ஷேர்’ பொத்தானின் கணக்கு 4,500. பகிர்ந்த பேச்சைத் தேடுபொறிகளும் கண்டுபிடிக்கலாம் என்ற ஒரு சின்னக் கட்டம் அதில் இருந்தது. அதை டிக் செய்தவர்களின் ஏறக்குறைய 4,500 பேச்சுகள் கூகுள் தேடலில் வருவதை 2025 ஜூலை கடைசியில் செய்தியாளர்கள் காட்டினார்கள். ஓப்பன்ஏஐ அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டது. மனநோய், வேலை, குடும்பச் சண்டை என்று தனியறையில் சொல்லும் விஷயங்கள் அவற்றில் இருந்தன.

கட்டைவிரல் பொத்தான் எல்லாவற்றிலும் இலேசாகத் தோன்றுவது. பதில் பிடித்திருந்தால் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. பயிற்சிக்குத் தர மாட்டேன் என்று செட்டிங்ஸில் மறுத்திருந்தாலும், கட்டைவிரலை அழுத்தினால் அந்தப் பேச்சு முழுவதையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஓப்பன்ஏஐயின் விளக்கப் பக்கமே சொல்கிறது. ஒரு பதிலைத்தான் பாராட்டினோம். போனது முழுப் பேச்சும். பாராட்டின் விளைவும் சிறிதல்ல. 2025 ஏப்ரல் 25இல் 4ஓவுக்கு வந்த ஒரு மாற்றம் அதை எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் முகஸ்துதிக்காரனாக்கியது. சில நாளில் திரும்பப் பெற்றார்கள். கட்டைவிரல் தரவிலிருந்து செய்த புதிய அளவுகோலைச் சேர்த்தது அதற்கு ஒரு காரணம் என்று நிறுவனமே எழுதியது. தன்னைப் புகழ்ந்த பதிலுக்குக் கோடிக்கணக்கானோர் விரலை உயர்த்தினால், புகழத்தான் அது கற்கும். பதில் சரியாக இருந்தால் மட்டும் விரலை உயர்த்துங்கள். இனிமையாக இருந்ததற்காக வேண்டாம்.

ஏஐயைப் பயன்படுத்துவதற்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமாகச் சொன்ன முதல் இடங்களில் ஒன்று, தேவராவிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கேரள உயர்நீதிமன்றம். 2025 ஜூலை 19இல் அது மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஏஐ பயன்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. தீர்ப்பையோ நிவாரணத்தையோ முடிவு செய்ய ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது. ஒப்புதல் பெற்ற கருவிகள் மட்டும். மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விதி: எந்தக் கருவியை எப்போது பயன்படுத்தினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று ஒவ்வொரு முறைக்கும் பதிவேடு வைக்க வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பேச்சிலிருந்து எழுத்தாக்க அதாலத் ஏஐ என்ற கருவியை நவம்பர் 1 முதல் கொண்டுவந்ததும் இதே நீதிமன்றம்தான். ஏஐ வேண்டாம் என்று அது சொல்லவில்லை. கணக்கு வைத்துச் செய் என்கிறது. நீதிபதிக்குத் தேவைப்படும் பதிவேடு கடைக்காரருக்கும் மாணவிக்கும் தேவையில்லாமல் போகாது.

பள்ளியிலும் தொடக்கம் நடந்திருக்கிறது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ 2024இல் 80,000 உயர்நிலை ஆசிரியர்களுக்கு 3 நாள் ஏஐ பயிற்சி நடத்தியது. அதே ஆண்டு 7ஆம் வகுப்பு ஐசிடி பாடத்தில் ஏஐ சேர்ந்தது. சுமார் 4 லட்சம் பிள்ளைகள். அந்தப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் வந்தது. இங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளை மறக்காததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பெரியவர்களுக்கு? எறணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் 2025 ஆகஸ்ட் 21இல் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. 83 லட்சம் குடும்பங்களில் ஒன்றரைக் கோடிப் பேரைக் கணக்கெடுத்து, போன் கையாளத் தெரியாத 21.88 லட்சம் பேரைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 90 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 15,000க்கு மேல். சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். ஒருவருக்கு எட்டு ஒன்பது மாணவர். வீட்டுத் திண்ணையிலும் வேலை செய்யும் இடத்திலும் போய் உட்கார்ந்து, வீடியோ அழைப்பு எப்படிச் செய்வது, அரசுச் சேவையை எப்படிக் கேட்பது என்று காட்டினார்கள்.

அந்த அமைப்பு கலைந்துவிடக் கூடாது என்பதே என் கோரிக்கை. அன்று கற்றுக்கொண்டவர்களின் போனிலும் இன்று ஏஐ செயலி இருக்கிறது. சிலர் போனில் சந்தாவோடு இருக்கிறது. அவர்களுக்குத் தேவைப்படுவது புதிய பாடத்திட்டம் அல்ல, ஐந்து பொத்தான்கள்: புதிய பேச்சு தொடங்குவது, நிறுத்துவது, பழைய கேள்வியைத் திருத்துவது, பயிற்சிக்கான சம்மதத்தை அணைப்பது, ஆட்டோபேயை ரத்து செய்வது. ஒன்றுக்கு 10 நிமிடம் என்றால் 50 நிமிடம். எட்டுப் பேரை ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் ஒரு தன்னார்வலருக்கு ஒரு மாலைப் பொழுது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் நூலகங்கள் இதைச் செய்யலாம்; ஆளுக்கொரு அச்சடித்த தாள் போதும்.

ஐந்தில் கடைசியாகச் சொன்ன ஆட்டோபேயை முதலில் எடுக்க வேண்டும். கோ திட்டத்தின் இலவசச் சலுகையில் முதல் நாளே சேர்ந்தவர்களின் ஆண்டு 2026 நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அந்தப் பாடத்தை அக்டோபருக்குள் நடத்திவிட்டால், மற்ற நான்கையும் மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.